ஏழு சென்டிமீட்டர் நாகரிகம்



2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் பாரிஸ் நகரிலிருந்து வந்த ஒரு புகைப்படம் நம் குடும்பக் குழுக்களில் கைக்குக் கை மாறியது. ஈஃபில் கோபுரத்தின் அடியில் மணல் பரப்பி அமைக்கப்பட்ட திடல். வலைக்கு ஒருபுறம் ஸ்பெயின் நாட்டு வீராங்கனைகள் நீச்சலுடையில் நிற்கின்றனர். மறுபுறம் எகிப்தின் துஆ அல்கோபாஷியும் மர்வா அப்துல் ஹாதியும் தலையை மறைத்து, கைகளையும் கால்களையும் மூடிய உடையில் நிற்கின்றனர். ஒலிம்பிக் கடற்கரைக் கையுந்துப் பந்து, அதாவது நம் பிள்ளைகள் 'பீச் வாலிபால்' என்று சொல்லும் விளையாட்டு. படத்தின் கீழே நம்மவர்கள் 'மாஷா அல்லாஹ்' என்று எழுதினார்கள். சிலர் கண்ணீர்த் துளிகளையும் பூக்களையும் சேர்த்து அனுப்பினார்கள்.

அந்த மகிழ்ச்சியைக் குறை கூற நாம் இதை எழுதவில்லை. அந்தப் படம் இருவரை நோக்கிக் கேள்வி கேட்கிறது. ஒருவர், உலகத்தை விருந்துக்கு அழைத்த அந்தப் பெருநகரத்தார். மற்றவர், படத்தைப் பகிர்ந்துவிட்டுக் கைபேசியை மூடி வைத்த நாம். முதல் கேள்வியைக் கேட்பது எளிது, இரண்டாவது கசக்கும். இரண்டையும் கேட்காமல் விட்டால் அது நியாயமாகாது.

விருந்தாளிக்கு ஒரு சட்டம், வீட்டு மகளுக்கு ஒரு சட்டம்

பாரிஸ் திடலில் எகிப்தியச் சகோதரியர் இருவரும் ஹிஜாபுடன் ஆடினர். எவரும் தடுக்கவில்லை. ஆனால் அதே போட்டிகளில் பிரான்ஸ் நாட்டுக்காக ஆடும் ஒரு முஸ்லிம் பெண் தலையை மறைக்கக் கூடாது. 2023 செப்டம்பரிலேயே அந்நாட்டு விளையாட்டுத் துறை அமைச்சர் இதை வெளிப்படையாக அறிவித்துவிட்டார். தங்கள் நாட்டின் சார்பில் களமிறங்குவோர் மதச்சார்பின்மையின் பெயரால் தலைத்துணியைக் கழற்ற வேண்டும் என்பதே அந்த அறிவிப்பு. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2023 ஜூனில், பெண்கள் கால்பந்துப் போட்டிகளில் ஹிஜாப் அணியத் தடை விதிக்கும் கால்பந்துக் கூட்டமைப்பின் விதி செல்லும் என்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமும் கூறியிருந்தது.

விளைவு என்ன? தொடர் ஓட்ட வீராங்கனையான சூன்கம்பா சில்லா, தன் சொந்த நாட்டில் நடைபெறும் ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் தன் அணியினருடன் படகில் செல்ல முடியுமா என்பதே சில நாட்கள் விவாதமாக இருந்தது. இறுதியில், தலைத்துணிக்குப் பதிலாக ஒரு தொப்பியை அணிந்துகொள்ளலாம் என்று 'தீர்வு' கண்டனர். முடியை மறைத்தது தொப்பியானால் நாட்டுக்கு ஆபத்தில்லை, துணியானால் ஆபத்து. இதைப் பகுத்தறிவு என்று சொல்லச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த விருந்தாளிப் பெண் முக்காடிட்டு அமரலாம். அந்த வீட்டில் பிறந்த மகள் முக்காடிட்டால் வாசலில் நிற்க வேண்டும். எந்த ஊரில் இதை விருந்தோம்பல் என்பார்கள்? ஒரு நகரம் பன்னாட்டுப் போட்டியை நடத்துவதன் பெருமை, கோபுரத்தின் உயரத்திலோ ஒளிவிளக்குகளின் எண்ணிக்கையிலோ இல்லை. அந்நகரத்தின் சொந்த மகள், தன் நம்பிக்கையை வாசலில் கழற்றி வைக்காமல் திடலுக்குள் நுழைய முடிகிறதா என்பதில் இருக்கிறது. அந்த அளவுகோலில் பாரிஸ் தோற்றது.

அளவுநாடா யார் கையில் இருந்தது?

'அது ஆபாச விளையாட்டு. அதில் நமக்கு என்ன வேலை?' என்று நம்மில் பெரியவர்கள் சிலர் கேட்பதை நாம் அறிவோம். அவர்களுக்கு மரியாதையுடன் ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாலிபால் 1895இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில், ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கூடத்தில் வில்லியம் மோர்கன் என்பவரால் உருவாக்கப்பட்டது. ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே அது நம் நாட்டுக்கும் வந்தது. 1920களில் கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரையில் குடும்பங்கள் பொழுதுபோக்காக மணலில் ஆடத் தொடங்கின. 1996இல் அட்லாண்டாவில் அது ஒலிம்பிக் விளையாட்டானது. பந்து, வலை, மணல், பக்கத்துக்கு இருவர். இவற்றில் ஆபாசம் எங்கே இருக்கிறது?

ஆபாசத்தை விதிப்புத்தகத்தில் எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். பன்னாட்டு வாலிபால் கூட்டமைப்பின் பழைய விதிப்படி, பெண்கள் அணியும் கீழாடையின் பக்கவாட்டு அகலம் ஏழு சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆண்களோ பனியனும் அரைக்கால் சட்டையும் அணிந்து ஆடலாம். மணல் இருவருக்கும் ஒன்று, வெயில் இருவருக்கும் ஒன்று. அளவுநாடா மட்டும் பெண்ணின் இடுப்பில் வைக்கப்பட்டது. பந்தை அடிக்க ஏழு சென்டிமீட்டர் துணி தேவை என்று எந்த அறிவியலும் சொல்லவில்லை. தொலைக்காட்சிக்கும் விளம்பரத்துக்கும் தேவைப்பட்டது, அதனால் விதியானது. பெண்ணுரிமையின் தலைநகரங்கள் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் ஊர்களில் இந்த விதியின் கீழ்தான் ஆண்டுக்கணக்கில் போட்டிகள் நடந்தன.

2012 மார்ச்சில், லண்டன் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் முன்பு, அந்த விதி தளர்த்தப்பட்டது. முழங்காலுக்குச் சற்று மேல் வரை நீளும் கால்சட்டையும் கையுள்ள மேலாடையும் அணியலாம். உடல் முழுவதையும் மூடும் உடையும் அணியலாம் என்றனர். பண்பாட்டாலும் மதத்தாலும் ஆடை வேறுபடும் நாடுகளை மனத்தில் கொண்டே இம்மாற்றம் செய்யப்பட்டது. அந்தக் கதவு திறந்ததால்தான் 2016இல் ரியோ நகரின் கோப்பகபானா கடற்கரையில் பத்தொன்பது வயது துஆ அல்கோபாஷி ஹிஜாபுடன் ஒலிம்பிக் மணலில் கால் வைத்தார். அவருடைய அணித்தோழி நதா மிஅவத் தலையை மறைக்கவில்லை. ஆனால் உடலை மூடிய அதே சீருடையை அணிந்திருந்தார். ஒருவரையொருவர் அவர்கள் கட்டாயப்படுத்தவில்லை; ஒன்றாக ஆடினர். பின்னர் தங்கம் வென்ற ஜெர்மனி இணையிடம் தோற்றனர். தோற்றாலும், ஹிஜாப் தமக்குப் பிடித்தவற்றிலிருந்து தம்மை விலக்கி வைப்பதில்லை என்ற பொருள்பட துஆ செய்தியாளர்களிடம் சொன்னது உலகெங்கும் எட்டியது.

அன்று மேலைநாட்டு ஏடுகள் சில அந்தப் படத்துக்கு 'பண்பாடுகளின் மோதல்' என்று தலைப்பிட்டன. மோதலை எங்கே கண்டார்கள்? இரண்டு பெண்கள் ஒரே பந்துக்காக எம்பிக் குதித்தார்கள், அவ்வளவே. மோதல் பார்த்தவர்களின் கண்ணில் இருந்தது.

இந்த அளவுநாடாவை எதிர்த்தவர்கள் முஸ்லிம் பெண்கள் மட்டும் அல்லர். 2021 ஜூலையில் பல்கேரியாவில் நடந்த ஐரோப்பியக் கடற்கரை ஹேண்ட்பால் போட்டியில் நார்வே நாட்டுப் பெண்கள், விதி கேட்ட உடையை மறுத்து அரைக்கால் சட்டை அணிந்து ஆடினர். அதற்காக அணிக்கு 1,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. கூடுதலாக உடுத்தியதற்கு அபராதம்! உலகம் முழுவதும் எழுந்த கண்டனத்தால் அவ்விளையாட்டின் விதியும் அதே ஆண்டில் மாற்றப்பட்டது. நார்வே நாட்டுப் பெண்ணும் எகிப்து நாட்டுப் பெண்ணும் கேட்டது ஒன்றுதான்: என் உடலில் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை நீ தீர்மானிக்காதே.

கட்டாயம் எப்பக்கமிருந்து வந்தாலும்

இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். அளவுநாடா அவர்கள் கையில் மட்டும் இருந்ததில்லை.

2021 மார்ச்சில் கத்தார் நாட்டின் தோஹா நகரில் பெண்களுக்கான பன்னாட்டுக் கடற்கரை வாலிபால் போட்டி நடந்தது. வீராங்கனைகள் சட்டையும் நீள் கால்சட்டையும் அணிய வேண்டும் என்று கேட்கப்பட்டதாகச் சொல்லி, ஜெர்மனியின் கார்லா போர்கரும் யூலியா சூடேயும் போட்டியைப் புறக்கணிப்பதாக அறிவித்தனர். பின்னர், ஆடைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று கத்தார் தரப்பில் விளக்கம் தரப்பட்டது. அந்த விளக்கம் வந்தது நல்லதே. பிரான்ஸ் நம் மகளின் துணியைக் கழற்றச் சொல்வது அநீதி என்றால், பிறர் மகளுக்குத் துணியைக் கட்டாயப்படுத்துவதை நீதி என்று சொல்ல நமக்கு நாக்கு எழாது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பதை அல்பகரா அத்தியாயத்தில் ஓதிவிட்டு, வெளியே வந்து மறக்க முடியாது.

2016 பிப்ரவரியில் ஈரானின் கிஷ் தீவில் ஆண்களுக்கான கடற்கரை வாலிபால் போட்டி நடந்தபோது, பெண்களும் பார்வையாளராக வரலாம் என்று வாக்களிக்கப்பட்டிருந்தும், வந்த பெண்கள் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆட அல்ல, பார்க்கக்கூட இடமில்லை. மார்க்கத்தின் பெயரால் இதைச் செய்தவர்களிடம் நாம் ஒன்றைக் கேட்க வேண்டும். அபிசீனியர்கள் மஸ்ஜிதுந் நபவியில் ஈட்டி விளையாட்டு ஆடியபோது, ஆயிஷா (ரலி) அவர்கள் சலித்துப்போகும் வரை பார்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் தம் தோளுக்குப் பின்னால் நிற்க வைத்துக் காத்திருந்தார்கள் என்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறதே, அதை எந்த அலமாரியில் பூட்டி வைத்தீர்கள்?

கடல் இல்லாத ஊரில் இது எதற்கு?

'ராசிபுரத்தில் கடலே இல்லை. பாரிஸ் பற்றிப் பேசி என்ன பயன்?' என்று வாசகர்கள் நினைக்கலாம். சென்னைக் கடற்கரை நமக்கு 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது உண்மைதான். ஆனால் நம் மாநிலத் தலைநகரமும் உலகத்தை விருந்துக்கு அழைக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2023இல் சென்னையில் ஸ்குவாஷ் உலகக் கோப்பையும் ஆசிய ஹாக்கிப் போட்டியும் நடந்தன. அதே ஆண்டு மாமல்லபுரத்தில் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டியும் நடந்தது. விளையாட்டு இப்போது மணலுக்கும் அலைக்கும் வந்துவிட்டது.

இப்படிப்பட்ட போட்டிகள் நடக்கும் மாநிலத்தில், நம் பெண்பிள்ளை ஒருத்தி தகுதி பெற்று நின்றால் அவளிடம் என்ன சொல்லப்படும்? பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 2022இல் உடுப்பியில் தொடங்கிய ஹிஜாப் பிரச்சினையில், கல்லூரி வாசலிலேயே நம் பிள்ளைகள் நிறுத்தப்பட்டனர். அவ்வாண்டு மார்ச்சில் கர்நாடக உயர்நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. அக்டோபரில் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பளித்தனர். பாரிஸின் வாசலும் உடுப்பியின் வாசலும் ஒரே தச்சன் செய்தவை போல் இருக்கின்றன. தமிழகத்தில் நமக்கு அந்த நிலை வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வராமல் இருக்க வேண்டுமானால், போட்டி நடத்துவோரிடம் முன்கூட்டியே கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். பன்னாட்டு விதியே அனுமதிக்கும் முழு உடையை, மாவட்ட அளவிலும் பள்ளி அளவிலும் மறுக்க எவருக்கும் காரணம் இல்லை. உடற்கல்வி ஆசிரியரிடம் பெற்றோர் இதைப் பணிவாகவும் உறுதியாகவும் சொல்ல வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்கள் கேட்டால் மறுக்க மாட்டார்கள். கேட்பவர்தான் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி

அத்தாமார்களே, இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறோம்.

பாரிஸ் நகரம் நம் மகளை ஹிஜாபுடன் ஆட விடவில்லை என்று கொதிக்கிறோம். ராசிபுரத்திலும் சேலத்திலும் நாமக்கல்லிலும் நம் மகளை ஹிஜாபுடன் ஆட விட்டவர் எத்தனை பேர்? அங்கே ஓர் அமைச்சர் தடுத்தார். இங்கே தடுப்பவர் யார்?

ஐந்தாம் வகுப்பு வரை பள்ளி மைதானத்தில் ஓடிய பிள்ளை, பருவமடைந்த நாளிலிருந்து திண்ணைக்கும் மாடிக்கும் இடையில் நடப்பதோடு சரி. அவள் தம்பி அஸர் தொழுகை முடிந்ததும் பேட்டுடன் தெருவுக்குப் போகிறான். மஃரிப் பாங்கு கேட்கும் வரை வீடு அவனைத் தேடுவதில்லை. ஊருக்கு வெளியே அறுவடை முடிந்த நிலத்தில் இரண்டு கம்பங்களை நட்டு வலை கட்டி வாலிபால் ஆடும் இளைஞர்களை இந்தச் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் எங்கும் காணலாம். அந்த வலைக்கு அருகில் நம் பெண்பிள்ளைகளுக்கு இடமில்லாதது நாணத்தின் காரணமாக என்றால், அதை மதிக்கிறோம். ஆனால் அவர்களுக்கென்று தனியே ஒரு வலை கட்டாமல் விட்டதும் நாணத்தின் காரணமாகத்தானா? அது சோம்பல், அதற்கு மார்க்கம் என்று பெயர் சூட்டக் கூடாது.

மார்க்கம் என்ன சொல்கிறது? நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களுடன் பயணத்தில் ஓட்டப் போட்டி வைத்தார்கள். முதல்முறை ஆயிஷா (ரலி) வென்றார்கள். பின்னொரு முறை நபி (ஸல்) வென்று, அதற்கு இது ஈடாயிற்று என்று விளையாட்டாகச் சொன்னார்கள் என்பது அபூதாவூதில் பதிவான செய்தி. பலவீனமான இறைநம்பிக்கையாளரைவிட வலிமையுள்ளவர் அல்லாஹ்வுக்கு உகந்தவர் என்ற கருத்து முஸ்லிமில் இருக்கிறது. அதில் ஆணுக்கு மட்டும் என்ற வேலி இல்லை. அந்நூர் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கே வருகிறது; பெண்களுக்கான கட்டளை அடுத்த வசனத்தில்தான். நாம் இரண்டாவது வசனத்தை மட்டும் மனனம் செய்துகொண்டு, முதல் வசனத்துக்குரிய கடமையையும் பெண்பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டோம். ஆண் பார்ப்பான் என்பதற்காக அவள் ஓடக் கூடாது; அவன் பார்வையைத் தாழ்த்த வேண்டியதைப் பற்றி ஜும்ஆ பயானில் எத்தனை முறை பேசினோம்?

நாம் அளவில்லாத சுதந்திரத்தைக் கோரவில்லை. ஹயா எனும் நாணம் ஈமானின் ஒரு கிளை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஏழு சென்டிமீட்டர் விதியை மார்க்கம் வெறுக்கிறது, நாமும் வெறுக்கிறோம். ஆனால் அவர்கள் பெண்ணை உடையின்றி மைதானத்தில் நிறுத்தினார்கள் என்பதற்கு, மைதானமின்றி அவளை உடைக்குள் நிறுத்துவது பதிலாகாது. அவர்கள் அவளைக் காட்சிப் பொருளாக்கினார்கள். நாம் அவளைக் காப்புப் பெட்டகத்துப் பொருளாக்கினோம். இரண்டிலும் அவள் பொருள்தான்.

நடுவழி இருக்கிறது என்பதைக் காட்டியவர்கள் பலர். 2016 ரியோவில் அமெரிக்காவின் இப்திஹாஜ் முஹம்மத் ஹிஜாபுடன் வாள்வீச்சில் ஆடி, அணியுடன் வெண்கலம் வென்றார். நம் மாநிலத்திலேயே, சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்று திரும்பினார். அந்த ஆட்டோ ஓட்டுநர் தன் மகளுக்குக் கொடுத்தது செல்வம் அல்ல, அனுமதியும் துணையும்.

செய்யக் கூடியது இதுதான்

கடற்கரை வாலிபால் திடலின் அளவு நீளம் 16 மீட்டர், அகலம் 8 மீட்டர். ஏறத்தாழ 52 அடிக்கு 26 அடி. சுற்றிலும் ஓட இன்னும் சில அடிகள். பெண்களுக்கு வலையின் உயரம் 2.24 மீட்டர். ஆடுவதற்கு நான்கு பிள்ளைகள் போதும். இந்த அளவுக்கு இடமுள்ள மதில்சுவர் சூழ்ந்த மதரஸா வளாகங்கள் எத்தனையோ ஊர்களில் இருக்கின்றன. நிகாஹ் மஹாலின் வண்டி நிறுத்துமிடம் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் பூட்டியே கிடக்கிறது. கடல்மணல் வேண்டாம், கல் பொறுக்கிய மண் போதும். ஒரு வலீமாவின் மேடை அலங்காரத்துக்குச் செலவிடுவதில் சிறு பகுதியில் கம்பமும் வலையும் பந்தும் வாங்கிவிடலாம்.

ஆகவே முத்தவல்லிமார்களிடமும் ஜமாஅத் நிர்வாகிகளிடமும் நாம் கேட்பது மூன்று. வாரத்தில் இரண்டு நாட்கள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்குங்கள்; அந்நேரத்தில் ஆண்கள் உள்ளே வர வேண்டாம். பயிற்சி தர விளையாட்டறிந்த பெண் ஒருவரை நியமியுங்கள். உடற்கல்வி படித்துவிட்டு வீட்டில் இருக்கும் சகோதரிகள் உண்டு, அவர்களுக்கு ஊதியம் கொடுங்கள். திறமையுள்ள பிள்ளை வெளியூர்ப் போட்டிக்குப் போகும் தகுதி பெற்றால், 'வேண்டாம்' என்பதற்கு முன் அவளுடன் யார் போவது, எந்த உடையில் ஆடுவது, எந்த நேரத்தில் தொழுவது என்று உட்கார்ந்து பேசுங்கள்.

'படிப்பு கெடும்' என்பீர்கள். கைபேசியில் செலவாகும் நேரத்தில் பாதியைக் கேட்கிறோம். 'வரன் வருமா' என்பீர்கள். நோயில்லா உடலும் தோல்வியைத் தாங்கும் மனமும் கொண்ட மருமகளை வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்கு உங்கள் மகள் போகாமல் இருப்பதே நல்லது.

நாளை சென்னைக் கடற்கரையில் உலக அணிகள் வந்து ஆடும்போது, உடல் மறைத்து, தலை மறைத்து, வலைக்கு மேல் எழும்பும் ஒரு கை நம் வீட்டுப் பிள்ளையின் கையாக இருக்க வேண்டும். அப்போது போட்டியை நடத்தும் நகரம் அவளைத் தடுத்தால், அதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கும். இன்றே அவளுக்கு வலை கட்டாதவருக்கு அன்று குரல் எழுப்பத் தகுதியிராது.

யா அல்லாஹ்! எங்கள் பெண்பிள்ளைகளுக்கு நாணத்தையும் வலிமையையும் சேர்த்துத் தருவாயாக. அவர்கள் பாதையில் பிறர் வைத்த தடைகளையும், நாங்கள் வைத்த தடைகளையும் அகற்றுவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.